போர் மோட்டாருக்குக் கருப்பு ஓஸா, காலம் பைப்பா?

கேள்வி: கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீடு. பின்கட்டில் நாலரை அங்குல போர், 300 அடி. 240 அடியில் 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். ஜிஐ பைப் துருப்பிடித்து மரை போய்விட்டது. நாங்கள் சென்னைவாசிகள்; விசேஷத்துக்குத்தான் வீடு திறப்போம். பிளம்பர் கருப்பு ஓஸ் என்கிறார், கடைக்காரர் வெள்ளை காலம் பைப் (துண்டு துண்டாக மரையில் பூட்டும் தடித்த பிவிசி பைப்) என்கிறார். எதைப் போடலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்குக் கருப்பு ஓஸ்தான், அதாவது எச்டிபிஇ என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய். காலம் பைப்பும் நல்ல சரக்குதான்; ஆழம் அதிகமாகி, மோட்டாரும் பெரிதானால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது 10 அடித் துண்டு. 240 அடிக்கு 24 துண்டு, மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம். ஒரு வளையம் மடங்கி உட்கார்ந்தாலும் உள்ளே கசிவது மேலே தெரியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதை யார் கவனிப்பது? ஓஸை ஒரே ரோலாக வாங்கினால் நடுவில் மூட்டே கிடையாது.

பைப் வாங்கும்போது இறக்குவதைவிட, பின்னால் ஏற்றுவதைத்தான் யோசிக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல மீடியம் ஜிஐ இந்த ஆழத்துக்கு ஏறத்தாழ 230 கிலோ. உள்ளே நிற்கும் தண்ணீர் தனி. முக்காலியும் செயின் பிளாக்கும் இல்லாமல் அசையாது. அதே நீளத்துக்கு ஓஸ் 30 கிலோ சுமார்தான். நாலைந்து பேர் கையாலேயே இழுத்துவிடலாம். இழுத்த ஓஸை மடங்காமல் நீட்டிப் போட இடம் வேண்டும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாகக் கட்டிய நம் செட்டிநாட்டு வீடுகளில் அதற்குப் பஞ்சமா!

இனி அழுத்தம். கடையில் "எத்தனை அடி போர்?" என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அது போதாது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். 240 அடி என்பது 73 மீட்டர், மாடித் தொட்டிக்கு 9 மீட்டர் சேர்த்தால் 8 கிலோவைத் தாண்டுகிறது. கேட் வால்வு மூடியிருப்பது தெரியாமல் யாராவது சுவிட்சைத் தட்டினால், மோட்டாரின் முழு ஹெட்டும் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) அழுத்தமாக ஓஸின் அடிமுனையில் ஏறும். மோட்டார் தகட்டில் அதிகபட்ச ஹெட் 100 மீட்டர் என்று இருந்தால் 10 கிலோ. ஆகவே 10 கிலோ ஓஸ் வேண்டாம், பிஎன் 12.5, அதாவது 12.5 கிலோ அழுத்தம் தாங்கும் ரகம் கேளுங்கள். அதுவும் ஐஎஸ் 4984 என்ற இந்தியத் தர எண்ணும் ஓஸின் மேலேயே அச்சாகியிருக்கும். இல்லாததைத் தொடாதீர்கள்.

ஓஸுக்கு வெளிவிட்டம்தான் கணக்கு. உங்களுக்கு 40 எம்எம். காசு மிச்சமென்று 32 எம்எம் போட்டால், நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓடும்போது 100 மீட்டரில் உராய்வுக்கே 10 மீட்டர் ஹெட் போகும். 40 எம்எம்மில் 3 மீட்டரோடு சரி.

மோட்டார் வாயில் நிப்பிள் மாட்டி, ஓஸை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். ஓஸை மட்டும் நம்பாமல் தனியாக நைலான் கயிறும் கட்டுங்கள். ஒயரைப் பத்தடிக்கு ஒரு கட்டாகச் சற்றுத் தளர்த்தியே கட்ட வேண்டும். எடையில் ஓஸ் கொஞ்சம் நீளும், ஒயர் நீளாது.

ஓஸ் மாற்றிய பிறகும் தண்ணீர் சிவந்தால் ஒரு வாளி பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நின்ற பிறகு சிவந்தால் அது பைப் துரு இல்லை, நிலத்தடி நீரிலேயே இருக்கும் இரும்பு. நம் செம்பாறாங்கல் பூமியில் அதற்கு வாய்ப்பு உண்டு. அதற்குக் காற்றுப்பட விட்டு வடிகட்டும் ஏற்பாடுதான் வழி. எந்த பைப்பை மாற்றியும் பயனில்லை.