குளிப்பாட்டுவது பாதி, உலர்த்துவது மீதி: பினாங்கு நாய்களின் தோல் பற்றிக் கேள்வி பதில்

பினாங்கில் நாய்களுக்கு முடி வெட்டுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என் தொழில். நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று மட்டும் கட்டாயம் சொல்வேன். நாயின் சாப்பாடு, அது படுக்கும் தரை, காது, கால், பயம் எல்லாமே கடைசியில் தோலில் வந்துதான் தெரியும். ஆகவே நீங்கள் தோலைப் பற்றிக் கேட்டால் நான் வீட்டைப் பற்றித் திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜெலுத்தோங்கிலிருந்து: அக்கா, நாங்கள் அடுக்குமாடி வீட்டில் ஷிட்சு வளர்க்கிறோம். வாரத்துக்கு இரண்டு தடவை நல்ல வாசனை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறோம். இருந்தும் மூன்றாம் நாளே ஒரு புளித்த வாடை வந்துவிடுகிறது. இன்னும் அடிக்கடி குளிப்பாட்டலாமா?

வேண்டாம் தங்கச்சி. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாயை மடியில் மல்லாத்திப் போட்டு, முன்னங்காலைத் திருப்பி, விரல்களை விலக்கிப் பாருங்கள். அங்கே முடி துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாக இருக்கிறதா? தொட்டால் பிசுபிசுக்கிறதா? மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் அதே வாடை அங்கே கூடுதலாக அடித்தால், அக்குள், கழுத்து மடிப்பு, காதின் உள்பக்கம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இது மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையின் வேலை. எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும், கெடுதல் செய்யாது. சூடும் ஈரமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால்தான் பெருகும். பினாங்கில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் குறைவே இல்லை. மீதி ஈரத்தைக் குளியல் கொண்டுவந்து சேர்க்கிறது.

நனைந்த துணியைச் சுருட்டி வாளியில் போட்டு மூடி வைத்தால் எப்படி வாடை வருமோ, அப்படித்தான் அரைகுறையாக உலர்ந்த நாய்க்கும். மேல்முடி காய்ந்திருக்கும், அடியில் தோல் ஈரமாகவே இருக்கும். குளிப்பாட்டியதும் பருத்தித் துண்டால் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி நீரை எடுங்கள். தேய்த்தால் சிக்கு விழும். அப்புறம் டிரையரை மிதமான காற்றில் வைத்து, முடியைக் கையால் பிரித்துப் பிரித்துத் தோலைக் காயவையுங்கள். உங்கள் உள்ளங்கை காற்றுக்கும் நாய்க்கும் நடுவில் இருக்கட்டும். கை சுட்டால் நாய்க்கும் சுடும். ஷிட்சு மாதிரிச் சப்பை மூக்கு நாய்களைக் கூண்டில் அடைத்து வெப்பக் காற்று விடவே கூடாது. நாய்க்கு உடம்பெல்லாம் நம்மைப் போல் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்கால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. கூண்டுக்குள் சூடேறி உயிர் போன நாய்கள் உண்டு.

வாசனை ஷாம்பூவை நிறுத்திவிடுங்கள். டாக்டர் பார்த்து ஈஸ்ட்தான் என்று சொன்னால் குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் கலந்த ஷாம்பூ தருவார். அதைப் போட்ட உடனே அலசுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. நுரையோடு பத்து நிமிடம் ஊற வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். அந்தப் பத்து நிமிடமும் பேசிக்கொண்டே காலை மசாஜ் செய்தால் நாயும் பொறுமையாக நிற்கும். தோல் தேறிய பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நடுவில் தினமும் சீப்பு போடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: எங்கள் வீட்டு வாசலிலேயே வேப்பமரம் இருக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம், தண்ணீரில் கொஞ்சம் டெட்டால் விடுவோம். இப்போது கடைகளில் ஹோலிஸ்டிக் என்று சொல்லி மூலிகை எண்ணெயெல்லாம் நிறைய விலைக்கு விற்கிறார்கள். எங்கள் பழைய முறையே போதாதா மா?

வேப்பிலையைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, வடிகட்டி, கடைசி அலசலுக்கு விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை அம்மா. ஆனால் அதுவே சொறியைக் குணமாக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அரைத்த விழுதைப் பூசுவதில் ஒரு சங்கடம் உண்டு. விழுது முடிக்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அடியில் ஈரம் நிற்கும். புண் இருந்தால் இன்னும் மோசம்.

டெட்டாலை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அது நாயின் தோலையும் வாயையும் புண்ணாக்கும், நக்கினால் உள்ளே போகும். நம் மேல்தோலில் பத்துப் பதினைந்து அடுக்கு செல்கள் உண்டு, நாய்க்கு மூன்றிலிருந்து ஐந்துதான். அமிலத்தன்மையும் வேறு. நம் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. அதனால் நமக்கு ஒத்துக்கொள்ளும் சோப்பும் ஷாம்பூவும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

விலை கூடிய மூலிகை எண்ணெய் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. இலையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பத்திரமானது ஆகிவிடாது. தேயிலை மர எண்ணெய் என்று டீ ட்ரீ ஆயில் விற்கிறார்கள். அதைக் கலக்காமல் பூசிய நாய்கள் நடுக்கம் எடுத்து, கால் தள்ளாடிப் படுத்துவிடும். கற்பூரமும் விஷம். உண்ணி வராது என்று சோற்றில் பூண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட முழங்கை, மூக்கு நுனிக்குத் துளி தடவலாம். ஏற்கெனவே பிசுக்கு வாடை அடிக்கும் நாய்க்குத் தடவாதீர்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அக்கா, மார்க்கெட் பக்கம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தேன். முகத்திலும் காலிலும் முடி கொட்டித் தோல் தடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் பட்டறையில் கறுப்பு எண்ணெய் வாங்கிப் பூசச் சொல்கிறார். பூசலாமா?

கூடவே கூடாது தம்பி. பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகளும் நச்சும் இருக்கிறது. தோல் வெந்துபோகும். குட்டி அதை நக்காமல் இருக்காது. உள்ளே போனால் ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். நம் ஊரில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. ஒரு காலத்தில் வேறு வழி தெரியாமல் பூசினார்கள். இன்றைக்கு வழி இருக்கிறது.

சொறியில் முக்கியமாக இரண்டு வகை. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி முடிவேருக்குள் குடியிருக்கும். பிறந்த சில நாளில் தாயிடமிருந்து குட்டிக்கு வரும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகும். ஆரம்பத்தில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் முடி போகும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. மனிதருக்கு ஒட்டாது. இன்னொன்று சார்கோப்டெஸ். காது ஓரம், முழங்கை, குதிகாலில் தொடங்கும். நாய் தூங்காமல் சொறியும். மற்ற நாய்களுக்கும் ஒட்டும், தூக்கிக் கொஞ்சுகிற நமக்கும் கையில் வயிற்றில் சிவப்புப் பொட்டு கிளம்பும். உங்களுக்கும் அரிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தப் பதில் அவருக்குப் பெரிய துப்பு.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். இன்றைக்கு உண்ணிக்குக் கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளே இரண்டு சொறிக்கும் நன்றாக வேலை செய்கின்றன. குட்டியின் வயதையும் எடையையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆடு மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டினை யாராவது அளந்து தந்தால் வாங்காதீர்கள். கோலி, ஷெல்ட்டி போன்ற நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு. அந்த மருந்து மூளைக்குள் புகுந்து ஆளையே சாய்த்துவிடும். தெருக்குட்டியின் பரம்பரையில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

குட்டிக்கு நல்ல சாப்பாடு போடுங்கள், குடற்புழு மருந்து கொடுங்கள், காய்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். முடி திரும்பி வரும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: ஹஸ்கி வளர்க்கிறேன். இந்த வெயிலுக்குப் பாவமாக இருக்கிறது, மொட்டை அடித்துவிடலாமா?

வேண்டாம். அதற்கு மேல்முடி, உள்முடி என இரண்டு அடுக்கு. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதும் அந்த முடிதான். மொட்டை அடித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி வளராது, வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வரும். கிளிப்பரை எடுத்து வைத்துவிட்டு, உதிர்ந்த உள்முடியை வாரி எடுங்கள். உள்ளே காற்று போகும். அடிவயிற்றில் மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். நடையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். பகலில் ஏர்கோன் அறை, இல்லையென்றால் காற்றாடியும் டைல்ஸ் தரையும்.

பட்டர்வொர்த்திலிருந்து: தரை வீடு. நாய்க்கு உண்ணி மருந்து போட்டாச்சு, பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. சுவரில்கூட ஊர்கிறது!

சுவரில் ஊர்வதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். நம் ஊர் வீடுகளில் வருவது பழுப்பு நாய் உண்ணி. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்துப் பருத்ததும் இறங்கி, சுவர் விரிசல், கதவுச் சட்டம், கூரை ஓரம் என்று ஏறிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. நீங்கள் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால், சுவரில் இருப்பவை வரிசையில் காத்திருக்கும்.

அதனால் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். நாயின் படுக்கையை வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள். வாக்குவம் கிளீனரில் சேர்ந்த குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால், வீட்டில் பூனை இருக்கிறதா என்று முதலில் சொல்லிவிடுங்கள்; பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம். நாய்க்கு மருந்தை இடைவெளி விடாமல் பல மாதம் தொடர வேண்டும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஐசாக்சசோலின் மாத்திரைகளால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

கையில் கிடைத்த உண்ணியை நசுக்காதீர்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். அப்புறம், நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பேபிசியா காய்ச்சலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

தஞ்சோங் புங்காவிலிருந்து: எங்கள் பூடில் எப்போதும் காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. கோழி ஆகாது என்கிறார்கள், உண்மையா?

இருக்கலாம், ஆனால் கோழியின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை என்று கண்டறிந்ததில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை எல்லாம் உண்டு. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியாலும் இதே நக்கல் வரும். ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவு செய்வதைவிட டாக்டர் துணையோடு சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதே நல்லது. இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சி அல்லது மீன், கூட ஒரே மாவுப்பொருள், எட்டு வாரம். இந்த எட்டு வாரத்தில் பாட்டி நீட்டும் பிஸ்கட்டும், ரொட்டி சானாய் ஓரத் துண்டும், மாட்டு வாசனை போட்ட பூச்சி மாத்திரையும் எதுவுமே கூடாது. வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். நன்றாகிவிட்டால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு மறுபடி வந்தால்தான் காரணம் உறுதி.

இடையில் நடந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். துடைப்பதை மறந்தால் கழுவாமலே இருந்திருக்கலாம். மீன் எண்ணெய் அரிப்பைக் கொஞ்சம் குறைக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். காட் லிவர் எண்ணெய் வேறு, அதில் ஏ, டி வைட்டமின்கள் மிகுதி. அதை மாற்றாக ஊற்றாதீர்கள்.

பத்து பெரிங்கியிலிருந்து: கடலில் விளையாட விடலாமா?

தாராளமாக. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசி, காதோரத்தையும் துடைத்துக் காயவையுங்கள். காதுக்குள் பஞ்சுக் குச்சி விடாதீர்கள். நாயின் காதுக்குழல் எல் வடிவில் வளைந்து போகும், குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

பிறையிலிருந்து: எங்கள் லாப்ரடோருக்கு ஒன்பது வயது. அரிப்பே இல்லை, ஆனால் இடுப்பின் இரு பக்கமும் வாலும் முடி கொட்டுகிறது. உடம்பும் பெருத்துவிட்டது, எப்போதும் தூக்கம். எந்த ஷாம்பூ நல்லது?

ஷாம்பூவே வாங்காதீர்கள் அண்ணே. அரிப்பில்லாமல் இரண்டு பக்கமும் சமமாக முடி போனால் அது உடம்புக்குள் நடக்கிற விஷயம். தைராய்டு குறைந்தால் இப்படி ஆகும், குஷிங் நோயிலும் ஆகும். குஷிங் என்றால் தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், வயிறு தொங்கும். ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் தண்ணீர் குடிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் அளந்து எழுதுங்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் கையை வைத்துத் தடவி, கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் அதன் இடத்தையும் அளவையும் தேதியோடு அதே தாளில் குறித்து வையுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.