சோற்றில் மாத்திரை கலந்தால் குடி நிற்குமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது, கொத்தனார். பல வருடமாகக் குடிக்கிறார். இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றோடு குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கத்தினார். காத்து கருப்பு என்று மந்திரித்தோம். அடங்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டுக் குடித்த பிறகுதான் அடங்கியது. இப்போது தெரிந்தவர் ஒருவர் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை அட்டையைக் கொடுத்து, "அவருக்குத் தெரியாம சோத்துல பொடிச்சுக் கலந்து குடு, குடியையே வெறுத்துடுவார்" என்கிறார். கொடுக்கலாமா? இந்த வருடமும் மாலை போடுவேன் என்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அது பெரிய விஷயம். கேட்காமலே கலந்து கொடுத்துவிட்டு, கணவரை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்கள் உண்டு.

உங்கள் கையில் இருப்பது போலி மருந்து இல்லை. மனநல மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துதான். ரப்பர் தொழிலில் பயன்பட்ட ரசாயனம் அது. 1940களில் டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் குடற்புழு மருந்தாக்க முடியுமா என்று தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் மது குடித்தாலே இருவருக்கும் உடம்பு படாதபாடு பட்டது. அப்படித்தான் இது குடி நிறுத்தும் மருந்தானது.

நாம் குடிக்கும் மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். உடனே இன்னொரு நொதி அந்த நச்சை உடைத்துவிடும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது நொதியை முடக்கிவிடும். அதன் பிறகு மது உள்ளே போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நச்சு ஏறும். முகம் சிவக்கும், தலை பிளக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். அளவு கூடினாலோ இதயம் பலவீனமாக இருந்தாலோ உயிரே போகலாம்.

உங்கள் கணவரின் கணக்கைப் பாருங்கள். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி இரண்டு குவார்ட்டர் குடித்தவர் காலையில் சாரம் ஏறும்போதும் ரத்தத்தில் மதுவோடுதான் ஏறுகிறார். அவருடைய காலைச் சாப்பாட்டில் இந்த மாத்திரையைக் கலந்தால், அன்றைக்கு ஒரு சொட்டு குடிக்காமலே அவர் மயங்கி விழலாம். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகாமல் நாங்கள் இதைத் தொடங்க மாட்டோம். அதற்கும் முன்னால் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதிப்போம். அவர் பிபி நோயாளி வேறு.

இந்த மருந்து யாருக்கும் குடியின் மேல் வெறுப்பை உண்டாக்காது. 'இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் உயிருக்கு ஆபத்து' என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் அவரைக் கடைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. தெரியாதவருக்கு அது வெறும் விஷம். நீண்ட காலம் குடிப்பவர்களில் சிலருக்கு மனைவி மேல் சந்தேகம் வருவதும் உண்டு, 'சாப்பாட்டில் ஏதோ வைக்கிறாள்' என்று. நாளைக்கு அவருக்கு உண்மை தெரிந்தால், அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு நல்ல மருந்தை நீட்டினாலும் வாங்க மாட்டார்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால், இன்றே நிறுத்திவிட்டு அவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் நீடிக்கலாம். பேர் தெரியாத பொடிப் பொட்டலங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் இதுவும் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம்.

அடுத்து, போன கார்த்திகையில் நடந்தது. மாத்திரையை விட எனக்குக் கவலை தருவது அதுதான். அது காத்து கருப்பு இல்லை, சாமி குத்தமும் இல்லை. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் பரபரப்பை அடக்கும், குளூட்டமேட் அதைத் தூண்டும். மது தினமும் வந்து காபாவுக்கு வலு சேர்க்கும்போது, மூளை ஈடுகட்டுவதற்காகத் தூண்டும் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரே நாளில் குடியை விட்டால் மது போய்விடும், கூட்டி வைத்த தூண்டுதல் மட்டும் மிஞ்சும். முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் தெரியும். அந்தக் கடைசி நிலை மருத்துவ அவசரம். சிகிச்சை இல்லாமல் இறந்தவர்கள் உண்டு. அன்றைக்கு அவர் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

அதனால் மாலை போட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர் தானாகவே குடியை விட நினைக்கும் நேரம் அது ஒன்றுதான், அதை விட்டுவிடக் கூடாது. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போன வருடம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்த்து, டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுப்பார்கள். இவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். பிறகு குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன. டைசல்ஃபிராமும் அப்போது ஒரு வழிதான், அவரே சம்மதித்தால்.

இன்னொன்று. குடிப்பவர் சோர்ந்து விழுந்தால் பக்கத்து கிளினிக்கில் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர்களுக்குத் தயாமின் என்ற பி1 சத்து மிகக் குறைவாக இருக்கும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரக்கூடும். "தினமும் குடிக்கிறவர் டாக்டர், பி1 ஊசி போட வேண்டுமா?" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவரிடம் பேசக் காலை நேரம்தான் நல்லது. குடித்துவிட்டு வந்த இரவில் வேண்டாம். போன வருட ராத்திரி அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள். "அது வியாதியாம், மருந்து இருக்காம், இந்தத் தடவை நடுங்காம நிறுத்தலாமாம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் மருத்துவரைப் பாருங்கள். 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டிலும் குடிப்பவரின் வீட்டார் பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.