மெர்ரி, ஃபெஸ்டிவ், ஜாலி: எதை எங்கே போடுவது? கேள்வி பதில்

கேள்வி: ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்கிறோமே, ‘மெர்ரி தீபாவளி’ என்றால் தப்பா சார்?

பதில்: இலக்கணத்தில் தப்பில்லை, காதில்தான் ஒட்டாது. இன்றைய ஆங்கிலத்தில் மெர்ரி பெரும்பாலும் கிறிஸ்துமஸைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சிடவைத்த வாழ்த்து அட்டையிலேயே கிறிஸ்துமஸுக்கு மெர்ரி, புத்தாண்டுக்கு ஹேப்பி என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த அட்டையின் நடுவே ஒரு குடும்பம் ஒயின் கோப்பையோடு இருக்கும். சின்னக் குழந்தைக்கும் ஒரு வாய் புகட்டுவார்கள். மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மெர்ரிக்கு அந்த வாடை இன்னும் போகவில்லை. பிரிட்டனில் ஒருவரை ‘எ பிட் மெர்ரி’ என்றால், லேசாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அங்கே ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ என்பவர்களும் நிறையப் பேர். தீபாவளிக்கு ஹேப்பியே போதும்.

கேள்வி: எங்கள் டீமுக்கு டெண்டர் கிடைத்தது. மேனேஜர் ‘ஃபெஸ்டிவ் லஞ்ச்’ என்று மெயில் போட்டார். சரியா?

பதில்: ‘செலிப்ரேட்டரி லஞ்ச்’ என்றிருக்க வேண்டும். செலிப்ரேட்டரிக்கு ஒரு காரணம் வேண்டும்: வெற்றி, பட்டம், பதவி உயர்வு. ஃபெஸ்டிவ் என்பது பண்டிகைக் களை. தோரணமும் சீரியல் லைட்டும் போட்டால் ஆபீஸே ஃபெஸ்டிவ்தான், டெண்டர் கைவிட்டுப் போயிருந்தாலும். அப்புறம் ஒன்று: ‘ஃபெஸ்டிவ் சீசன்’ என்றால் லண்டன்காரருக்கு டிசம்பர் கடைசி, நம் ஊர் விளம்பரத்தில் அது நவராத்திரி, தீபாவளித் தள்ளுபடி. வெளிநாட்டுக்கு எழுதும்போது மாதத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஃபெஸ்டல்?

பதில்: இதுவும் பண்டிகை சார்ந்த சொல்தான். சர்ச் சார்ந்த எழுத்தில் பார்க்கலாம். பேச்சில் வேண்டாம்.

கேள்வி: சிபாரிசுக் கடிதத்தில் மாணவனை ‘ஜோவியல்’ என்று எழுதலாமா? ஜாலியும் அதுவும் ஒன்றுதானே?

பதில்: இரண்டும் வேறு. ஜோவ் என்றால் ஜூபிடர், அதாவது வியாழன். அந்தக் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவர் கலகலப்பானவர் என்று ஐரோப்பிய ஜோசியர்கள் சொன்னதிலிருந்து வந்த சொல். நம் ஜோசியருக்கும் குரு சுபக் கிரகம்தான்! வாய்விட்டுச் சிரிக்கும் நடுவயதுப் பெரியப்பாவுக்கு ஜோவியல் பொருந்தும். இருபது வயதுப் பையனுக்குச் ‘சியர்ஃபுல்’ போடுங்கள். நாம் ‘ஜாலியா இருந்தோம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வீ ஹேட் ஃபன்’. ‘வீ வேர் ஜாலி’ என்றால் கிறிஸ்துமஸ் தாத்தா பேசுவதுபோல் இருக்கும்.

கேள்வி: கன்விவியல் எப்போது?

பதில்: நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டபடி மனம்விட்டுப் பேசும்போது. லத்தீனில் கன்விவியம் என்றால் விருந்து. பண்டிகை தேவையில்லை, சரவிளக்கும் தேவையில்லை. டிஜே சத்தத்தில் பக்கத்து இலைக்காரர் பேசுவது கேட்காத கல்யாண ரிசப்ஷன் ஃபெஸ்டிவாக இருக்கலாம், கன்விவியல் ஆகாது.