மலையகத்து வெயிலுக்கு என்ன வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இங்கே வெளியே போகிறோம். மகள் சன்ஸ்கிரீன் கேட்கிறாள். இந்தக் குளிரில் அது எதற்கு? ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் வெயில் இப்படி என்கிறார்களே, நம் தலைக்கு மேலேயும் ஓட்டை இருக்கிறதா? (நுவரெலியா)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. ஓசோன் ஓட்டை என்பது, சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படையில் அந்தாட்டிக்காவின் மேல், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை உண்டாகும் பெரும் மெலிவு. 1985இல் அது உலகுக்குத் தெரியவந்தது. பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டின்களில் இருந்த சி.எஃப்.சி. வாயுக்கள்தான் காரணம். அவை மேலே போய்ச் சிதையும்போது குளோரின் வெளிப்படும். ஒரு குளோரின் அணு ஓய்வதற்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை உடைத்துவிடும். தேயிலைத் தோட்டங்களும் இதற்கு வெளியே நிற்கவில்லை. வேரைத் தின்னும் நூற்புழுவுக்காக ஒரு காலத்தில் மண்ணில் செலுத்திய மெதைல் புரோமைடும் ஓசோனை அழிக்கும் பொருள்தான். இவற்றைக் கைவிட 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது, இலங்கை 1989இல் இணைந்தது. உலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால் படை இப்போது தேறி வருகிறது. அந்தாட்டிக்காவின் மேல் அது 1980இல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வரை ஆகும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

ஆனால் நம் மலையில் விழும் கதிருக்குக் காரணம் வேறு. பூமத்திய ரேகைக்கு அருகில் ஓசோன் படை இயல்பாகவே மெல்லியது. ஏப்ரலிலும், ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அதோடு, ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் புறஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றரில். ஒரே மாதிரி தெளிந்த வானத்தில் கொழும்புக்காரரைவிட நீங்கள் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குகிறீர்கள். ஓசோன் படை முழுதாகத் தேறினாலும் இந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

குளிருக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. சூடு தருவது வேறு கதிர், தோலைக் கருக்குவது வேறு கதிர். மெல்லிய மூட்டத்தைத் தாண்டியும் 80 சதவீதம் வரை வரும். கொழும்பில் வெயில் சுடுகிறதென்று நிழலுக்கு ஓடிவிடுகிறோம். இங்கே சுடாததால் நின்றுகொண்டே இருக்கிறோம். உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். மகள் கேட்பது சரிதான், வாங்கிக் கொடுங்கள்.

மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு 50 மில்லி சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கினேன். எப்படிப் பூச வேண்டும், எத்தனை நாளைக்கு வரும்? (தலவாக்கலை)

சொன்னால் கவலைப்படுவீர்கள், ஆனாலும் கணக்கைப் பாருங்கள். முகம், கழுத்து, காதுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளுக்கும் சேர்த்து இன்னொரு 5 மில்லி. வெயிலில் இறங்க 20 நிமிடத்துக்கு முன் ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வியர்வையும் தூறலும் கழுவிவிடும் என்பதால் இந்த இடைவெளியை நீட்ட முடியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றாலே 30 மில்லி போய்விடும். உங்கள் டியூப் இரண்டு நாளைக்குக் காணாது. சிக்கனமாகக் கடலையளவு எடுத்துத் தேய்த்தால், மேலே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 50 என்று எழுதியிருந்தாலும் கிடைக்கும் பாதுகாப்பு அதில் சிறு பங்குதான்.

ஆகவே வெளியில் வேலை செய்கிறவர் வீட்டில் பணம் முதலில் துணிக்குப் போகட்டும், பிறகு கண்ணாடிக்கு, கடைசியாகக் கிரீமுக்கு.

துணியிலும் வித்தியாசம் உண்டு. வெளிர் நிற மெல்லிய பனியன் துணி, கதிரில் ஐந்தில் அல்லது ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதையே தேகத்தோடு இழுத்துப் போட்டால் இழை விரிந்து இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி எடுங்கள். கடையிலேயே வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அடுத்த பக்கம் பல்பு தெரிந்தால் வேண்டாம். ஜாக்கெட்டுக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் மலையில் முன்பே இருக்கிறது. மிக நல்ல வழக்கம். காலரைத் தூக்கிவிட்டால் பின்கழுத்தும் மறையும்.

தொப்பியில்தான் சிக்கல். முகத்துக்கு நிழல் தர 7.5 சென்றிமீற்றர் விளிம்பாவது வேண்டும். ஆனால் கூடைக் கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் அப்படிப்பட்ட தொப்பி நிற்காது. அதனால் முக்காட்டுத் துணியின் முன் ஓரத்தில், கயிறு படும் இடத்துக்கு முன்னால், சட்டைக் காலருக்கு வைக்கும் விறைப்புத் துணியை நான்கு விரல் அகலத்துக்கு வைத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் தோள்வரை தொங்கட்டும். கிரீமை மூக்கு, கன்ன எலும்பு, காது, புறங்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அந்த 50 மில்லிக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

வெள்ளையாக்கும் கிரீமில் எஸ்.பி.எஃப். 15 என்று இருக்கிறது. அது போதாதா? (பதுளை)

போதாது. 15 என்பது வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் பி வகைக் கதிரில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்பது 97, 50 என்பது 98. அதுவும் மேலே சொன்ன அளவு பூசினால்தான். முகத்தில் மங்கு வரவும் தோல் சுருங்கவும் பெரிதும் காரணமான ஏ வகைக் கதிரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. அதற்குப் பி.ஏ. என்ற எழுத்தையும் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளையும் பாருங்கள், குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்க வேண்டும். அல்லது யூ.வி.ஏ. என்று வட்டத்துக்குள் அச்சிட்டிருக்க வேண்டும். 30க்கு மேல் அதிக விலை கொடுப்பது அவசியமில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. லேபல் இல்லாத டப்பாவில், ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று விற்பதை வாங்காதீர்கள். அப்படி வேகமாக வெளுப்பவற்றில் பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொய்ட் தோலை மெலிய வைத்து வெயிலே தாங்காமல் செய்துவிடும். உட்பொருட்களில் மெர்குரி, குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் கீழே வையுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் திடீரென்று நிறுத்தாமல் ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பஸ் ஸ்டாண்டில் 'யூவி 400' ஸ்டிக்கர் ஒட்டிய கூலிங் கிளாஸ் விற்கிறார்கள். நம்பலாமா? (ஹட்டன்)

புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதுதான் அந்த ஸ்டிக்கரின் பொருள். அதை நம்ப முடியாது, சோதிக்கலாம். கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு சில கடைகளில் இருக்கும். அதன் கீழே வெள்ளைத் தாளை வைத்தால் தாள் நீலமாக ஒளிரும். விளக்குக்கும் தாளுக்கும் நடுவே கண்ணாடியைப் பிடியுங்கள். லென்ஸின் நிழலில் ஒளிர்வு அணைந்துபோனால் நல்லது. ஒளிர்வு அப்படியே இருந்தால் அது வெறும் கலர் பிளாஸ்டிக். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். சாவிக்கொத்தில் வரும் மலிவு டோர்ச்சில் ஊதா வெளிச்சமும் கலந்திருப்பதால் முடிவு குழப்பும். கண்ணாடிக்கடைகளில் இதற்கென்றே மீற்றர் வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கறுப்பு அதிகமென்றால் பாதுகாப்பும் அதிகம் என்று எண்ணுவது ஆபத்து. இருண்ட கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்துகொள்ளும். கதிரைத் தடுக்காத லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக உள்ளே போகும். கண்புரைக்கும், வெள்ளைவிழியில் வளரும் சதைக்கும் இது ஒரு காரணம். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதே லென்ஸை யூவி தடுப்போடு கேட்டு வாங்கினால் போதும், நிறம் தேவையில்லை.

பாவித்த ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன், குளிரவில்லை. கேஸ் முடிந்துவிட்டது, அடித்துத் தருகிறேன் என்கிறார் ரிப்பேர் பாஸ். ஓசோனுக்குக் கெடுதியான கேஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பண்டாரவளை)

பின்பக்கம் கம்பிரசருக்கு அருகிலோ உள்சுவரிலோ ஒரு தகடு இருக்கும். ஆர்-12 என்றால் ஓசோனைக் கெடுக்கும் பழைய கேஸ், அந்த ஃபிரிட்ஜுக்குச் செலவு செய்யாதீர்கள். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஆர்-600ஏ இரண்டுக்கும் கெடுதியில்லாதது, ஆனால் தீப்பிடிக்கும்.

கேஸ் தானாக முடியாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் அடித்தால் சில வாரத்தில் மறுபடியும் அதே கதை, போன கேஸ் ஆகாயத்தில். ஆகவே பாஸிடம் வரிசையாகக் கேளுங்கள்: நைதரசன் ஏற்றி சவர்க்கார நுரையால் ஒழுக்குப் பார்ப்பீர்களா? ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றுவீர்களா? குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்தெடுக்க அரை மணி நேரமாவது வெக்கியூம் போடுவீர்களா? கேஸைத் தராசில் நிறுத்து அடிப்பீர்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். வீட்டு ஃபிரிட்ஜில் ஆர்-600ஏ 50 கிராம் போலத்தான் போகும். தகட்டில் போட்டிருக்கும் எடையைவிடப் பத்து கிராம் கூடினாலே குளிர்ச்சி கெடும். கையில் இருக்கிறதே என்று ஆர்-600ஏ கம்பிரசருக்குள் ஆர்-134ஏ அடித்தால் அழுத்தம் ஏறிக் கம்பிரசர் எரிந்துவிடும். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பை அணையுங்கள். பில்லில் கேஸின் பெயரையும் கிராமையும் எழுதி வாங்குங்கள். பிறகு பிரச்சினை வந்தால், நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட அந்தப் பில் கையில் இருக்க வேண்டும்.