கைப்பேசி மின்னஞ்சல் சர்வருக்கான சேவைக் கணக்கு: கேள்வி பதில்

மைக்ரோசாஃப்டின் அஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் ஓடும் சொந்த சர்வரை வைத்திருக்கும் அலுவலகங்கள், ஊழியர்களின் கைப்பேசிகளுக்கு அஞ்சலைக் கொண்டுசேர்க்க இடையில் இன்னொரு சர்வரை நிறுவும்போது, அந்தச் சர்வர் எல்லாருடைய அஞ்சல் பெட்டிக்குள்ளும் சென்று வருவதற்கென்று ஒரு கணக்கை உருவாக்கித் தரவேண்டியிருக்கிறது. சர்வீஸ் அக்கவுன்ட் என்று நாம் சொல்லும் இந்தச் சேவைக் கணக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பிளாக்பெர்ரி காலத்திலிருந்து இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐ.டி. பொறுப்பில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். தனிக் கணக்கு எதற்கு? என் நிர்வாகிக் கணக்கையே கொடுத்துவிட்டால் என்ன, ஐயா?

பதில்: நீங்கள் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எல்லாருடைய கைப்பேசியும் நின்றுவிடும். நான் முன்பு பார்த்த ஒரு நிறுவனத்தில், நிர்வாகி வேலையை விட்டுப் போன அன்று மாலை அவருடைய கணக்கை முறைப்படி முடக்கினார்கள். மறுநாள் காலை மேலாண்மை இயக்குநர் உட்பட ஒருவருக்கும் கைப்பேசியில் அஞ்சல் வரவில்லை. அந்தக் கணக்கில்தான் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. இது தவிர, ஒரு பெட்டியைத் திறந்தது நீங்களா, சர்வரா என்பதைத் தணிக்கைப் பதிவைப் பார்த்துப் பிரித்தறியவும் முடியாது. பின்னாளில் ஒரு புகார் வந்தால் அது உங்களுக்கே பாதகமாக முடியும்.

கேள்வி: மென்பொருளை நிறுவ வந்தவர், சேவைக் கணக்கை டொமைன் அட்மின் (அலுவலக வலையமைப்பு முழுவதன் நிர்வாகிகள்) குழுவில் சேர்த்தால் எல்லாம் ஓடிவிடும் என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. பாதுகாப்புக் காரணம் ஒருபுறம் இருக்கட்டும், அவர் எதிர்பார்க்கிற பயனே அதனால் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சை நிறுவும்போதே, டொமைன் அட்மின், என்டர்பிரைஸ் அட்மின் ஆகிய குழுக்களுக்குப் பிறருடைய பெட்டியைத் திறக்கும் 'ரிசீவ் ஆஸ்' உரிமையும் பிறர் பெயரில் அனுப்பும் 'சென்ட் ஆஸ்' உரிமையும் வெளிப்படையாக மறுக்கப்பட்டுவிடுகின்றன. அலுவலகத்தின் கணக்குகளையும் உரிமைகளையும் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே மட்டத்தில் அனுமதியும் மறுப்பும் சேர்ந்திருந்தால் மறுப்புதான் வெல்லும். ஆகவே, அஞ்சல் பெட்டிகளைத் திறப்பதற்கென்று உருவாக்கிய கணக்கை அந்தக் குழுவில் சேர்ப்பது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு உள்தாழ்ப்பாளையும் போட்டுவைப்பது போன்றது. கணக்கைச் சாதாரண டொமைன் பயனராகவே வைத்திருங்கள். இடைநிலைச் சர்வர் இருக்கும் கணினியில் மட்டும், மென்பொருள் கேட்டால், அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகிக் குழுவில் சேர்க்கலாம்.

கேள்வி: அப்படியானால் எந்த உரிமையைத்தான் கொடுப்பது? முழு அணுகல், சென்ட் ஆஸ், இம்பர்சனேஷன் என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன.

பதில்: மூன்றும் வெவ்வேறு. முழு அணுகல் என்பது ஒரு பெட்டியைத் திறந்து படிக்கவும் மாற்றவும் நீக்கவும் இடம் தரும். ஆனால் அதன் உரிமையாளர் பெயரில் அஞ்சல் அனுப்ப இடம் தராது. அனுப்புவதற்குச் சென்ட் ஆஸ் தனியாக வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்ச் 2003-இல் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தின் மூலம் அவற்றைப் பிரித்தபோது, கைப்பேசிகளுக்கு அஞ்சல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்ற புகார் ஊரெங்கும் எழுந்தது. இன்றைக்கும் 'வருகிறது, போகவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது சென்ட் ஆஸைத்தான்.

இம்பர்சனேஷனைத் தமிழில் ஆள்மாறாட்டம் என்று சொன்னால் தேர்வுக்கூடக் குற்றம்போல் காதில் விழும். ஆனால் நடப்பது ஏறக்குறைய அதுதான். சேவைக் கணக்கு தன் கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்து, ஒரு பயனராகவே அவருடைய பெட்டியில் வேலை செய்கிறது. பிற மென்பொருள்கள் எக்ஸ்சேஞ்சை அணுகுவதற்கான எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் வழியாகப் பேசும் சர்வர்கள் கேட்பது இதையே. அப்ளிகேஷன் இம்பர்சனேஷன் என்ற பங்கை (ரோல், அதாவது உரிமைத் தொகுப்பை) கணக்குக்கு ஒதுக்கினால் அது கிடைத்துவிடும்.

பெரும்பாலோர் தவறு செய்யும் இடமும் இதுவே. எல்லையைக் குறிப்பிடாமல் அந்தப் பங்கை ஒதுக்கினால், கைப்பேசியே வைத்திராத கணக்காளர் முதல் நிறுவனத் தலைவர் வரை எல்லாப் பெட்டிகளும் அதற்குள் அடங்கிவிடும். எனவே, கைப்பேசியில் அஞ்சல் வேண்டியவர்களை ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவின் உறுப்பினர்களை மட்டும் உள்ளடக்கும் மேனேஜ்மென்ட் ஸ்கோப் (எல்லை வரையறை) ஒன்றை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எக்ஸ்சேஞ்ச் ஷெல்லில் உருவாக்கி, பங்கை ஒதுக்கும்போது அதோடு இணையுங்கள். குழுவுக்குள் இன்னொரு குழுவைச் சேர்த்தால் உள்ளே இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அந்த ஸ்கோப்பின் வடிகட்டி நேரடி உறுப்பினர்களை மட்டுமே பார்க்கும். குழுவின் பெயரைச் சுருக்கமாக அல்லாமல், டைரக்டரியில் உள்ள முழு முகவரியாக எழுதவேண்டும்.

கேள்வி: அனுமதி கொடுத்து அரை மணி நேரம் ஆகிறது. இன்னும் மறுக்கிறதே?

பதில்: பொறுத்திருங்கள். உரிமைகளை எக்ஸ்சேஞ்ச் தன் தற்காலிக நினைவில் வைத்திருப்பதால் மாற்றம் தெரிய 2 மணி நேரம் வரை ஆகலாம். அந்த அவசரத்தில் இன்னும் நான்கு உரிமைகளைச் சேர்த்துவிடாதீர்கள். பிறகு எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேள்வி: நாற்பது பேருக்குச் சரியாக ஓடுகிறது. எங்கள் ஐ.டி. தலைவருக்கு மட்டும் அனுப்பும் உரிமை காலையில் கொடுத்தால் சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. யாரோ விளையாடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: யாரும் விளையாடவில்லை. ஆக்டிவ் டைரக்டரியே அதைச் செய்கிறது. உங்கள் தலைவர் டொமைன் அட்மின் போன்ற பாதுகாக்கப்பட்ட குழு ஒன்றில் உறுப்பினராக இருப்பார். அத்தகைய கணக்குகளுக்கென்று அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற மாதிரிப் பொருள் ஒன்று இருக்கிறது. டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களில் பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பில் உள்ளது, இயல்பு அமைப்பில் 60 நிமிடங்களுக்கு ஒரு முறை, அந்த மாதிரியில் உள்ள உரிமைகளை அவர்களுடைய கணக்குகளின் மேல் எழுதி, மேலிருந்து வரும் மரபுரிமையையும் துண்டித்துவிடும். நீங்கள் கொடுத்த உரிமை அந்தச் சுற்றில்தான் அழிகிறது. கைப்பேசி எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக இணையும் முறையான ஆக்டிவ்சிங்கில் நிர்வாகிகளின் கைப்பேசி மட்டும் இணைய மறுப்பதற்கும், சர்வரின் நிகழ்வுப் பதிவில் 1053 என்ற எண் தோன்றுவதற்கும் இதே காரணம்தான்.

அட்மின்எஸ்டிஹோல்டரிலேயே சேவைக் கணக்குக்கு உரிமை கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது டொமைனின் மிக உயர்ந்த கணக்குகள் அனைத்தின் மேலும் அந்தச் சர்வருக்குப் பிடிமானம் கொடுப்பதாகும். முறையான வழி, தலைவருக்கு அஞ்சலுக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்றும், நிர்வாகத்துக்கென்று அஞ்சல் பெட்டி இல்லாத கணக்கு ஒன்றும் வைப்பது. அவரைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் பாதுகாக்கப்பட்ட கணக்கு என்று குறிக்கும் அட்மின்கவுன்ட் என்ற பண்பு 1 என்றே நிற்கும். மரபுரிமையும் தானாகத் திரும்பாது. இரண்டையும் நீங்களே கையால் சரிசெய்யவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், 'நீக்கியும் சரியாகவில்லை' என்று நீங்கள் மறுபடியும் எழுதுவீர்கள்.

கேள்வி: மூன்று மாதமாக ஓடிய சேவை, சர்வரை மறுதொடக்கம் செய்ததும் 1069 என்ற பிழையோடு நின்றுவிட்டது. கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை.

பதில்: 1069 என்பது உள்நுழைவு தோற்றது என்று பொருள்படும். கடவுச்சொல் சரி என்றால், 'சேவையாக உள்நுழைதல்' என்ற உரிமையைப் பாருங்கள். நிறுவும்போது அது அந்தக் கணினியின் உள்ளூர்க் கொள்கையில் எழுதப்பட்டிருக்கும். பிறகு, டொமைனில் உள்ள கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசி ஒன்றில் யாரோ அதே உரிமைக்கு வேறு பட்டியல் தந்திருந்தால், அந்தப் பட்டியல் உள்ளூர்ப் பட்டியலை முழுமையாக நீக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்கு இது தெரியாது. அடுத்த முறை தொடங்கும்போதுதான் வெளிப்படும். சேவைக் கணக்கை அந்தப் பாலிசியிலேயே சேர்த்துவிடுங்கள். அதே கையோடு, அந்தக் கணக்கு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்நுழைவதை மறுத்துவிடுவதும் நல்லது. ஒரு சேவைக்குத் திரை தேவையில்லை.

கேள்வி: கடவுச்சொல் காலாவதியே ஆகாதபடி வைத்துவிடலாமா?

பதில்: நீளமான கடவுச்சொல்லோடு அப்படித்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். அவ்வாறு வைத்தால் ஆண்டுக்கொரு முறையாவது, நேரம் குறித்துக்கொண்டு, நீங்களே மாற்றுங்கள். மாற்றுமுன் அந்தக் கடவுச்சொல் எங்கெங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஓரிடத்தில் பழையது இருந்துவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று கணக்கே பூட்டிக்கொள்ளும். அப்போது டொமைன் கன்ட்ரோலரின் பதிவில் 4740 என்ற நிகழ்வைத் திறந்தால், எந்தக் கணினி முயல்கிறது என்பது பெயரோடு தெரியும். விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த குழு நிர்வகிக்கப்பட்ட சேவைக் கணக்கு, இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும். உங்கள் மென்பொருள் அதை ஏற்கிறது என்றால் யோசிக்காமல் அதற்கே போங்கள்.

கேள்வி: கைப்பேசிகள் கூடக்கூட அஞ்சல் தாமதமாகிறது. சர்வரில் நினைவகம் தாராளமாக இருக்கிறது.

பதில்: எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் ஒவ்வொரு பயனருக்கும் பயன்பாட்டு வரம்பு உண்டு. 2013-க்குப் பிறகு, வெப் சர்வீசஸ் வழியாக ஒருவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய இணைப்புகள் இயல்பாக 27. மனிதருக்கு அது ஏராளம். பலருக்காகப் பேசும் சர்வருக்குப் போதாமல் போகலாம். இந்த வரம்புகளைக் குறிக்கும் த்ராட்லிங் பாலிசி ஒன்றைப் புதிதாக உருவாக்கிச் சேவைக் கணக்குக்கு மட்டும் பொருத்துங்கள். பொதுவான பாலிசியைத் தளர்த்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் மைக்ரோசாஃப்டே இணையத்தில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு மாறப்போகிறோம். இதே கணக்கை அங்கேயும் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. வெறும் பயனர்பெயர், கடவுச்சொல் கொண்டு உள்நுழைவதை 2022 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் அங்கே நிறுத்தத் தொடங்கியது. இம்பர்சனேஷன் பங்கும் 2025-இல் அங்கிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே கணக்குக்குப் பதிலாக ஒரு செயலியைப் பதிவுசெய்து, அதற்கு அனுமதி தரவேண்டும். கடவுச்சொல் போன்ற ரகசியச் சரத்துக்குப் பதிலாகச் சான்றிதழைப் பயன்படுத்துங்கள்.

பெயர் மாறினாலும் ஆபத்து மாறவில்லை. அஞ்சலைப் படிக்கும் செயலி அனுமதி, இயல்பாக நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிடும். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட செய்தி நினைவிருக்கலாம்: மிட்நைட் பிளிசார்ட் என்ற ஹேக்கர் குழு, பல அடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கின் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, ஓஆத் (கடவுச்சொல்லைத் தராமல் செயலிக்கு அனுமதி தரும் முறை) வழியாக அனுமதி பெற்ற ஒரு செயலியின் மிகுந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் உயரதிகாரிகள் சிலரின் அஞ்சல்வரை போய்விட்டது. எனவே செயலி அனுமதிக்கும், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் தரும் பங்குக் கட்டுப்பாட்டைக் கொண்டு, மேலே சொன்ன குழு எல்லையைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் திறந்துவிடுமுன் எப்படிச் சோதிப்பது?

பதில்: சர்வர் இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர் என்ற இணையச் சோதனைக் கருவியில் சேவைக் கணக்குக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. குழுவில் உள்ள ஒருவருடைய பெட்டியைக் கொடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குழுவில் இல்லாத ஒருவருடைய பெட்டியைக் கொடுங்கள். அது மறுக்கப்படவேண்டும். அதுவும் திறந்துவிட்டால் எல்லை பொருந்தவில்லை என்று பொருள். அன்றைக்கு எந்தக் கைப்பேசியையும் இணைக்காதீர்கள்.