பெனர் அச்சடிக்கிற மெஷினில் மை சொட்டுகிறது, மை தெளிக்கிற ஹெட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றாதீர்கள் தம்பி. இன்றைக்கு மட்டுமாவது பொறுங்கள்.

இரவில் மெஷினை நிறுத்திவிட்டுப் போனால் காலையில் ஹெட்டுக்கு அடியில் மை கொட்டிக் கிடக்கிறது, பகலில் பெரிய நிறப் பரப்பு அடிக்கும்போது நடுவில் வெளிறுகிறது, டெக்னீஷியன் ஹெட் போய்விட்டது என்கிறார். இதுதானே நீங்கள் எழுதியது? கடை தொடங்கி ஒரு வருடம் இருக்கும், லோன் எடுத்துத்தான் மெஷின் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதே சொல்லைக் கேட்டு, நகையை அடகு வைத்து ஹெட் வாங்கினவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். துளைகள் தலைமயிரை விட மெல்லியவை. அடிக்காத நேரத்தில் மை அந்த வாயில் வெளியே பிதுங்கவும் கூடாது, உள்ளே ஓடவும் கூடாது. சற்று உட்குழிந்து நிற்க வேண்டும். ஓ/எல் விஞ்ஞானத்தில் பிறையுரு என்று படித்தோமே, அதுதான். கொனிக்கா கம்பனியின் ஹெட் பூட்டிய நம் மெஷின்களில் சின்ன மைத்தொட்டி ஹெட்டுக்கு மேலே இருக்கிறது. மையின் பாரமே அதைக் கீழே தள்ளும். அதைப் பிடித்து வைக்கத்தான் தொட்டியின் மேற்பக்கத்துக் காற்றை ஒரு சிறிய பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நெகட்டிவ் பிரஷர் என்பது இதைத்தான். 10 சென்ரிமீற்றர் நீர் உயரம் ஏறக்குறைய 1 கிலோபஸ்கல். தொட்டி மை ஹெட்டுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே நின்றால், அந்தப் பாரத்தைச் சமன் செய்யவே 1 கிலோபஸ்கல் போய்விடும். அதற்கு மேல் சில சென்ரிமீற்றர் இழுவை இருந்தால்தான் பிறை நிற்கும். குறைந்தால் சொட்டும். கூடினால் துளை வழியாகக் காற்று உள்ளே போய் நிறம் வெளிறும்.

உங்கள் இரண்டு வருத்தமும் ஒன்றுக்கொன்று எதிரானவை, கவனித்தீர்களா? இரவில் எங்கோ காற்று ஒழுகி இழுவை இறங்குகிறது. சொட்டுகிறதே என்று யாரோ பகலில் அந்த நெகட்டிவ் பிரஷரைக் கூட்டிவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

என் கதை 2022 ஆடியில் நடந்தது. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஒரு கிழமை கிடக்கு, கை நிறைய ஓடர். நாளுக்கு மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் பம்ப் நிற்கும், மெஜெந்தா என்கிற ரோஸ் நிற மை சொட்டும். கொழும்பிலிருந்து டெக்னீஷியன் உதயதேவி ரயிலில் வந்தார். இழுவையைக் காட்டுகிற மானியைப் பார்த்தார், திருகைத் திருகி இழுவையைக் கூட்டினார். மெஜெந்தா சொட்டுவது குறைந்தது. மறுகா நீலம் வெளிறத் தொடங்கியது. "ரெண்டு ஹெட்டும் முடிஞ்சுது பாஸ்" என்றார். டொலர் 360 ரூபாய் அளவில் நின்ற நேரம் அது. மனிசியின் காப்பு இரண்டையும் கொண்டுபோய் வைத்து மெஜெந்தாவுக்கு மட்டும் ஒரு ஹெட் எடுத்தேன். புது ஹெட் அன்று பின்னேரமே சொட்டியது.

அந்த நேரம் காசுக்கு இவ்வளவு அலைந்திருக்கத் தேவையில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு இரவு பகலாக அடித்துக் கொடுத்த பெனர்களுக்கு இன்றுவரை காசு வரவில்லை. வென்றவரும் தரவில்லை, தோற்றவரும் தரவில்லை. கேட்டுப் போனால் "எங்கட ஆள்தானே, பிறகு பாப்பம்" என்று தேத்தண்ணி தருவார்கள். பெனர் அடிக்கிறவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இவர்களுக்கு ஏன் விளங்குவதில்லை? சரி, விட்டுவிட்டேன்.

அன்றிரவு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஹெட்டுகளைச் சுமந்து ஓடுகிற கரியேஜின் பின்பக்கத்தை நானே பார்த்தேன். தொட்டி மூடியிலிருந்து பம்புக்குப் போகிற காற்றுக் குழாய் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்க வேண்டும். மெஜெந்தாக் குழாயில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு ரோஸ் நிறம் காய்ந்து ஒட்டியிருந்தது. தொட்டிக்குள் மை மட்டத்தைக் காட்டுகிற மிதவை சிக்கி, மை அளவுக்கு மேல் நிரம்பி, பம்ப் அதை மேலே இழுத்திருக்கிறது. குழாய் ஏறக்குறைய அடைபட்டதால் பம்ப் பக்கத்து மானி சரியான அளவைக் காட்ட, அந்தத் தொட்டிக்குள் மட்டும் இழுவை போதவில்லை.

இழுவையை அளக்க, பாமசியில் சேலைன் குழாய் ஒன்று வாங்கி, யூ வடிவில் வளைத்து, அடிமட்டத்தோடு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு முனையைக் காற்றுப் பக்கத்தில் மாட்டினேன். மைப் பக்கத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். பம்ப் அருகே இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 32 சென்ரிமீற்றர். மெஜெந்தா மூடியில் 4. குழாயை வெட்டி மாற்றி, மிதவையைக் கழுவி, பிரஷரைப் பழைய அளவுக்கு இறக்கினேன். நீலமும் தானாகத் திரும்பி வந்தது. செத்ததென்று கழற்றிய மெஜெந்தா ஹெட்டைப் பிறகு போட்டுப் பார்த்தேன், துளைக்கு ஒரு கோடாக அடிக்கிற டெஸ்ட் பிரிண்டில் ஒரு கோடு குறையவில்லை.

டெக்னீஷியன்மார் கோவிக்க வேண்டாம். ஹெட் உண்மையாகவே சாகும், எனக்கும் செத்திருக்கிறது. டெஸ்ட் பிரிண்டில் எப்போதும் அதே இடத்துக் கோடுதான் இல்லை என்றால் அந்தத் துளை அடைத்திருக்கலாம், அல்லது ஹெட்டே போயிருக்கலாம். விடுபடுகிற இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் அது காற்று. எல்லா நிறமும் ஒன்றாகச் சொட்டினால் பம்ப், பொதுக் குழாய், வால்வ் பக்கம் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் என்றால் அந்தத் தொட்டி, மிதவை, குழாய். பிரஷரைக் கூட்டாமலே நிறம் வெளிறினால் பில்டரையும் மை பம்பையும் பார்க்காமல் விடாதீர்கள். எப்சன் ஹெட் மெஷின் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதில் பெரும்பாலும் இந்த வெற்றிடப் பம்ப் இல்லை, ஹெட்டின் மேல் இருக்கிற டாம்பர் என்ற சின்ன மைக்கூடும் மைத்தொட்டியின் உயரமும்தான் இந்த வேலையைச் செய்கின்றன.

கரண்ட் கட்டுக்கு நான் செய்தது, 24 வோல்ட் பம்புக்கு 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்தேன். கடை பூட்டும்போது, பம்பை நிறுத்துவதற்கு முன் காற்றுக் குழாயில் சேலைன் செட்டின் உருட்டுப் பூட்டைப் போட்டு இறுக்கிவிடுவேன். காலையில் திறக்க மறந்தால் தொட்டியின் இழுவை பம்பின் பிடியில் இருக்காது, அதனால் சுவிச்சிலேயே சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.

இன்றிரவு பம்பை நிறுத்தி, மானியைப் பத்து நிமிடம் பாருங்கள். முள் எவ்வளவு இறங்குகிறது, எந்த நிறம் முதலில் சொட்டுகிறது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.