செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று: அம்மாவின் சேவைக்காலப் பணம் போய்விடுமா?

கேள்வி: என் அம்மா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1999 ஜூனில் கொழுந்து பறிக்கச் சேர்ந்து, 2025 மார்ச்சில் வேலையை விட்டார். செக்ரோலில் (வேலை நாளும் சம்பளமும் பதியும் தோட்டப் புத்தகம்) ‘மாரியாயி’, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தாளில் ‘எஸ். மாரியாய்’, அடையாள அட்டையில் ‘பெரியசாமி மாரியம்மா’ என்று இருக்கிறது. இது மூன்று பேர், பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வந்தால்தான் சேவைக்காலப் பணம் என்று தோட்ட ஆபிசில் சொல்கிறார்கள். வேலையை விடும்போது சிங்களத்தில் அடித்த ஒரு தாளில் அம்மாவின் கைநாட்டையும் வாங்கியிருக்கிறார்கள். ‘சுயவிருப்பில் விலகுகிறேன், எல்லாக் கொடுப்பனவும் பெற்றுவிட்டேன்’ என்று அதில் இருக்கிறதாம். ஒரு ரூபாவும் கைக்கு வரவில்லை. டவுனில் ஒருவர் 35,000 ரூபா கொடுத்தால் எல்லாத் தாளையும் ஒரே பெயராக்கித் தருகிறேன் என்கிறார். 26 வருட உழைப்பு. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. அவை எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று காட்டினால் போதும். பெயர்களை ஒரே மாதிரியாக்கப் பணமும் வருடமும் செலவாகும். ஒரே ஆள் என்று காட்டுவது, உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள்களை வைத்தே முடியக்கூடியது.

நீங்கள் சொல்லும் சேவைக்காலப் பணத்துக்குச் சட்டத்தில் பெயர் பணிக்கொடை. இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் அதற்குக் கேட்பவை சில விஷயங்கள்தான்: ஒரே தொழில்வழங்குநரிடம் குறைந்தது 5 வருடப் பூர்த்தியான சேவை, அவரிடம் வேலை செய்வோர் 15 பேர் அல்லது அதற்கு மேல், வேலை முடிந்திருக்க வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை ஆபிசில் இருப்பவர் தாமாகச் சேர்த்துச் சொன்னால், அது சட்டத்துக்கு அவர் தரும் விளக்கம் அல்ல. புதுச் சட்டம் போடுகிறார், அவ்வளவுதான்.

“அப்படியானால் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டுமா, ஆளை அடையாளம் காண வேண்டாமா?” என்று தோட்டம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆளை அடையாளம் காண்பது எப்படி என்பதற்கும் நம் நாட்டில் 1895 முதல் ஓர் அளவுகோல் இருக்கிறது. சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒரு விஷயம் ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதற்கு நூற்றுக்கு நூறு நிச்சயம் தேவையில்லை. விவேகமுள்ள ஒருவர் அந்தச் சந்தர்ப்பத்தில் அதை உண்மையென்று வைத்துக்கொண்டு காரியம் பார்க்கத்தக்க அளவுக்கு அது நம்பக்கூடியதாக இருந்தால் போதும். தொழில் அலுவலகத்தில் இந்தப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லி வாதாட வேண்டாம். அதன் சாரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கதை: ஒரு பெண், கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி ஒரு தரமும், ஈ.பி.எப். படிவம் நிரப்பியவர் கணவரின் முதலெழுத்தைச் சேர்த்து ஒரு தரமும், அடையாள அட்டைக்குத் தகப்பன் பெயருடன் ஒரு தரமும் பதியப்பட்டாள். தோட்டத்தின் கதை: மூன்று பெண்கள். சரி, மூன்று பேர் என்றால் மூன்று ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம் எங்கே? மூன்று லயக் காம்பரா (தோட்டத்து வீட்டறை) எங்கே? 25 வருடமாகச் சம்பள நாளில் வந்து சம்பளம் வாங்கியவள் யார்? மற்ற இருவரும் ஒரு நாளாவது பிரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) நின்றதை எந்தக் கங்காணி கண்டார்? எந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் பதிலில்லாத கேள்விகள் குறைவோ அதுதான் நியாயமான விளக்கம். ஒரே ஒரு தாளின் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றத் தாள்களையெல்லாம் புறங்கையால் தள்ளுவது எந்த விசாரணையிலும் எடுபடாது.

இன்னொன்று. அந்தப் பெயர்களில் இரண்டை எழுதியதே தோட்டம். செக்ரோல் அவர்களுடையது, ஈ.பி.எப். பதிவுப் படிவமும் அவர்கள் அனுப்பியது. 25 வருடம் அந்தப் பெயரில் பேர் (முழுநாள் சம்பளம்) போட்டு, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டு, சங்கச் சந்தா வெட்டி, நிதிக்குக் காசு கழித்தபோது வராத சந்தேகம், பணம் கொடுக்கும் நாளில் வருவதை என்னவென்று சொல்வது? செக்ரோலைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டும் அவர்கள் காட்டாவிட்டால், அதுவும் உங்களுக்குச் சாதகம். கையிலுள்ள சான்றை ஒருவர் முன்வைக்காவிட்டால், வைத்திருந்தால் அது அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்க அதே சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். ஆபிஸ் ஜன்னலில் நின்று வாயால் கேட்டது கணக்கில் வராது.

இனி, 35,000 ரூபா கேட்கும் அந்தத் தரகரின் விஷயத்துக்கு வருகிறேன். ‘எல்லாம் ஒரே பெயராக்கித் தருகிறேன்’ என்பது மலையகத்து டவுன்களில் நன்றாக விலைபோகும் சரக்கு. காசு போவதைவிடப் பெரிய கேடு ஒன்று அதில் இருக்கிறது. சான்றாக ஒரு தாளுக்கு இருக்கும் பெறுமதி, பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே அது எழுதப்பட்டது என்பதில்தான். 2004இல், எந்த வழக்கையும் மனதில் வைக்காமல், தோட்ட ஆஸ்பத்திரியில் யாரோ அவசரத்தில் ‘மாரியாய்’ என்று எழுதிய பிரசவ அட்டைக்கு உள்ள எடை, பணத்தகராறு வந்தபின் திருத்தி வாங்கிய பளபளப்பான சான்றிதழுக்குக் கிடையாது. பிறப்புப் பதிவில் திருத்தம் செய்தால் எப்போது செய்தது என்பதும் பதிவாகும். எதிர்ப்பக்கம் முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான். பழைய பிழையுள்ள தாள்களை அழகுபடுத்தப் போய், உங்கள் கையிலுள்ள நல்ல சான்றை நீங்களே பலவீனமாக்காதீர்கள். தரகரிடம் மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டீர்களென்றால் இன்றே போய்த் திருப்பி வாங்குங்கள். மூலப்பிரதியைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் காசு கேட்பது இவர்களின் வழக்கமான வித்தை.

நீங்கள் சேர்க்க வேண்டியவை இவை. ஈ.பி.எப். கணக்குக் கூற்றுகள், கிடைக்கிற ஆகப் பழையது முதல். சம்பளச் சீட்டுகள், செக்ரோல் இலக்கம் தெரிகிற ஒன்றிரண்டு போதும். உங்களுடையதும் சகோதரர்களுடையதும் பிறப்புச் சான்றிதழ்கள், தாயின் பெயர் உள்ள பக்கம் தெளிவாக. பிரசவ அட்டை, விவாகச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் லயத்தின் முகவரியோடு வரும் பதிவு, சங்கச் சந்தா வெட்டிய தாள். இவற்றைத் திகதி வரிசைப்படி அடுக்கி, முன்னால் ஒரே ஒரு தாளில் திகதி, ஆவணம், அதிலுள்ள பெயர், வேறு எது ஒத்துப்போகிறது (அங்கத்துவ இலக்கம், கணவர் பெயர், லய இலக்கம்) என்று நான்கு நிரல்கள் போடுங்கள். விசாரணை செய்யும் அலுவலர் உங்கள் கோப்பைப் பார்க்கப்போவது சில நிமிடம். அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட வேண்டியது இந்த ஒரு தாள்தான்.

அடுத்து, ‘ஒரே நபர்’ சத்தியக்கடதாசி. சமாதான நீதவானிடம் ஒப்பமிடும் இந்தத் தாளைப் பலர் மந்திரத்தாள் மாதிரி நினைக்கிறார்கள். அது மற்ற ஆவணங்களைக் கோக்கும் நூல் மட்டுமே. கோக்க மணி இல்லாவிட்டால் நூலால் பயனில்லை. ‘இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கும்’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஒவ்வொரு பெயரும் எந்த ஆவணத்தில், எந்தத் திகதியில், யாரால் எழுதப்பட்டது என்று தனித்தனிப் பந்தியாக வர வேண்டும். அம்மா இந்து என்றால் சத்தியம் செய்வதாக அல்ல, உறுதியுரைப்பதாக எழுத வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரிந்தது என்ற வாசகம் கையொப்பப் பகுதியில் கட்டாயம் வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 439ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. டவுனில் அடித்துக் கொடுக்கும் ஆயத்தப் படிவங்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. கூட வேலை செய்த இருவரிடமும் சத்தியக்கடதாசி வாங்குங்கள். சொந்தக்காரர் வேண்டாம். ‘இவரை எனக்குத் தெரியும், நல்லவர்’ என்பதால் ஒன்றும் ஆகாது. எந்த மலையில், எந்த வருடம் முதல், எந்தக் கங்காணியின் கீழ் ஒன்றாகக் கொழுந்து பறித்தார்கள் என்பது வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகும். சில குடும்பங்களில், வயது போதாத தங்கை அக்காவின் பெயரில் மலைக்குப் போயிருப்பாள். நோயாளித் தாயின் பெயரில் மகள் வருடக்கணக்கில் பேர் போட்டிருப்பாள். உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று அம்மாவிடம் முதலில் தனியாகக் கேளுங்கள். நடந்திருந்தால் செக்ரோல் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் உண்மையிலேயே இரண்டு ஆட்கள். அப்போது ‘ஒரே நபர்’ என்று ஒப்பமிடுவது பொய்ச் சத்தியக்கடதாசி. சிறைக்குப் போகக்கூடிய குற்றம் அது, தரகர் கூட வரமாட்டார். அதோடு மற்ற வருடங்களின் உண்மையான சேவையும் சந்தேகத்துக்குள் விழும். அந்த நிலைமையில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்: இன்ன வருடம் வரை அக்கா பெயரில், அதன்பின் என் பெயரில். முதல் பகுதியைக் கூட வேலை செய்தவர்களின் வாய்ச்சாட்சியால் காட்டப் பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் இரண்டாம் பகுதி தப்பும். ஒரே தோட்டத்தில் இரண்டு மாரியாயிகள் இருந்திருந்தாலும் இதே கவனம் தேவை. அங்கே பெயர் உதவாது, அங்கத்துவ இலக்கமும் கணவர் பெயரும்தான் பிரித்துக் காட்டும்.

கைநாட்டுத் தாளைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டாம். ‘சுயவிருப்பில் விலகினேன்’ என்ற பகுதி பணிக்கொடையைத் தொடவே தொடாது. தானாக விலகினாலும், ஓய்வு பெற்றாலும், இறந்தாலும் சட்டப்படி அது கொடுக்க வேண்டிய பணம். ‘எல்லாம் பெற்றுவிட்டேன்’ என்பது ஓர் ஒப்புதல். ஒப்புதல் முடிந்த முடிவான நிரூபணம் அல்ல என்று சான்றுக் கட்டளைச்சட்டமே சொல்கிறது. நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட பணத்தை ஒரு கம்பனி கொடுத்திருந்தால் காசோலை இலக்கமோ வங்கிப் பதிவோ கணக்கிட்ட தாளோ இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரிடம், அவருக்குத் தெரியாத மொழியில், விளக்கிச் சொன்னதற்கான சாட்சியொப்பம் இல்லாமல் வாங்கிய ஒரு தாள் மட்டும் இருந்து, பணம் போன தடயம் எங்குமே இல்லையென்றால், எது நம்பக்கூடியது என்பது விவேகமுள்ள எவருக்கும் தெரியும். அந்தத் தாளின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள்.

கணக்கில் நீங்களும் கூட்டிக் கேட்கக்கூடாது. 1999 ஜூன் முதல் 2025 மார்ச் வரை 25 வருடமும் சில மாதமும். ‘பூர்த்தியான’ வருடம் என்றால் 25தான், 26 அல்ல. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற வீதத்தில். 25 × 14 = 350 நாள்; 1,350 ரூபா வீதம் 4,72,500 ரூபா. பழைய வருடங்களுக்குப் பழைய சம்பளத்தில் கணக்குப் பார்த்துத் தந்தால் ஏற்காதீர்கள், ‘கடைசியாகப் பெற்ற’ என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகவும் சேரும். முறைப்பாட்டில் இந்த மேலதிகத் தொகையையும் கேட்டு எழுதுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது: தோட்டத்துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) பதிவுத்தபாலில் கடிதம். செக்ரோல் பிரதி, கைநாட்டுத் தாளின் பிரதி, பணிக்கொடைக் கணக்கு மூன்றையும் 14 நாளுக்குள் தரும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால், அல்லது அதே ‘மூன்று பேர்’ பதில் வந்தால், உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ‘சிங்களத்தில் எழுதி வா’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் சில மேசைகளில் சாகவில்லை. அரசியலமைப்பு தந்த உரிமையை ஒவ்வொரு மேசையிலும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் அதே கடிதத்தைப் பதிவுத்தபாலில் போடுங்கள். விசாரணையில் பணம் உண்டு என்று முடிவாகியும் தோட்டம் கொடுக்காவிட்டால், தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். அந்த வழக்குக்கு நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. சத்தியக்கடதாசி எழுத உதவி வேண்டுமானால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

அம்மா விலகவில்லை, விலக்கினார்கள் என்பதுதான் உண்மையென்றால் அது வேறு வழக்கு. அதற்குத் தொழில் நியாய சபையில் 6 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தக் காலக்கெடு தவறியிருந்தாலும் அதைக் காட்டிப் பணிக்கொடை முறைப்பாட்டை மறுக்க முடியாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதாதீர்கள்.